ஆச்சியின் எண்ணெய்க்கு எத்தனை மணி நேரம்?

(பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி)



வேறு எந்த விஷயத்தில் நமக்குள் ஒற்றுமை இல்லாவிட்டாலும், கொசு விரட்டுவதில் நாம் எல்லோருமே வைத்தியர்கள்தாம். ஒரு நாள் மதிய உணவு வேளையில் எங்கள் வகுப்பில் இந்தப் பேச்சு எழுந்தது. ஒருத்தி நொச்சி இலைப் புகைக்கு ஈடில்லை என்றாள். இன்னொருத்தி, ஒரு கிண்ணத் தண்ணீரில் கற்பூரத்தைப் போட்டு அறை மூலையில் வைத்தால் போதும் என்றாள். விடுதியில் தங்கிப் படிக்கும் தோழியோ எலுமிச்சம் பழத்தை இரண்டாக வெட்டிக் கிராம்பைக் குத்தி வைக்கச் சொன்னாள். நான் என் ஆச்சியின் எண்ணெயைப் பற்றிச் சொன்னேன். அதற்குள் மணி அடித்துவிட்டது. வழக்கு தீரவில்லை. அன்று சொல்ல முடியாமற்போன என் வாதத்தை இந்தப் பக்கங்களில் எடுத்து வைக்கிறேன்.

எங்கள் ஊர் புன்னைக்காயல். பொதிகை மலையில் பிறந்த தாமிரபரணி கடலில் வந்து சேருமிடம். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் ஆறு, இடையில் அலையாத்திக் காடும் சேறும். மீனுக்கும் நண்டுக்கும் அது எவ்வளவு நல்ல இடமோ, கொசுவுக்கும் அவ்வளவு நல்ல இடம். மாலை ஆறு மணிக்குமேல் கழிமுகத்தில் தூண்டில் போட்டு உட்கார்ந்தால், மீன் கடிப்பதற்கு முன்னால் கொசு கடித்துவிடும் என்று அப்பா வேடிக்கையாகச் சொல்வார்கள். நடுக்கடலில் காற்று இருப்பதால் இந்தத் தொல்லை இல்லை. கரையோரத்தில் நண்டு வலை விடுகிறவர்களும், இரவில் கொடுவா மீனுக்குக் காத்திருப்பவர்களும்தாம் அகப்பட்டுக்கொள்பவர்கள்.

அவர்களுக்காக ஆச்சி ஓர் எண்ணெய் காய்ச்சுவார்கள். வேப்பெண்ணெய் பாதி, தேங்காய் எண்ணெய் பாதி. அதில் நொச்சி இலையைக் கசக்கிப் போட்டு, இலை கறுக்கும்வரை இளஞ்சூட்டில் வைத்து இறக்கி, ஆறியபின் ஒரு சிட்டிகை கற்பூரம் சேர்ப்பார்கள். நாலு வீடு தள்ளி நின்றாலும் மணக்கும். ‘மணக்கும்’ என்பது ஆச்சியின் சொல். நாங்கள் சொல்வது வேறு. “ஏட்டி, இதப் பூசிட்டுப் போனா கொசு என்ன, கொசுவோட பாட்டன்கூட கிட்ட வரமாட்டான்” என்று ஆச்சி சொல்வதைக் கேட்டே நான் வளர்ந்தேன்.

தூண்டில்காரருக்கு இதில் ஒரு சங்கடம் உண்டு. எண்ணெய்க் கையோடு இரையைத் தொட்டால் இறாலில் வேப்பெண்ணெய் நாற்றம் ஏறிவிடும், பிறகு மீன் அதை முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விடும் என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. ஆகவே அப்பா எண்ணெயைப் புறங்கையில் ஊற்றி, புறங்கையாலேயே கழுத்திலும் காலிலும் தேய்த்துக்கொள்வார்கள். உள்ளங்கையில் ஒரு சொட்டும் படாது. தவறிப் பட்டால் ஈர மணலை அள்ளித் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் இரையைக் கோர்ப்பார்கள். சிறு வயதில் இதைப் பார்த்து நானும் தம்பியும் புறங்கையால் எண்ணெய் தேய்த்து விளையாடியிருக்கிறோம்.

எண்ணெய் எப்படிக் கொசுவைத் தடுக்கிறது என்று கேட்டால், கொசு நம்மை எப்படிக் கண்டுபிடிக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். கடிப்பது பெண் கொசு மட்டுமே. முட்டை வளர்வதற்கு அதற்கு இரத்தம் வேண்டும். (இதைச் சொன்னபோது வகுப்பில் எழுந்த சிரிப்பை இங்கே எழுத இயலாது.) நாம் வெளிவிடும் மூச்சிலுள்ள கரியமில வாயுவைத் தொலைவிலிருந்தே உணர்ந்து அது வருகிறது. அருகில் வந்ததும் உடற்சூட்டையும் வியர்வை நாற்றத்தையும் தேடுகிறது. வேம்பின் நெடியும் நொச்சியின் நெடியும் அதைக் கொல்வதில்லை. அவை வேலை செய்வது, நம் தோலின் மேல் இருக்கும்வரைதான். ஆவியாகிவிட்டால், வியர்வையில் கரைந்துவிட்டால், ஆற்றுத் தண்ணீரில் இறங்கிக் கழுவிவிட்டால் கதை முடிந்தது. இந்த ஒரு செய்தி எங்கள் வீட்டில் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. மாலையில் ஒரு முறை பூசினால் விடியும்வரை காவல் என்றே நம்பியிருந்தோம்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் எங்கள் மாவட்டத்தில் பெய்த மழையை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். எங்களுக்குப் பக்கத்து ஊரான காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை. ஆறு கரை கடந்தது. அப்போது நான் எட்டாம் வகுப்பு. வெள்ளம் வடிந்த பிறகும் தேங்கிய நீர் வடியாமல் பல நாள் கிடந்தது. தை பிறந்து அப்பா மறுபடி தொழிலுக்குப் போகத் தொடங்கியபோது, கழிமுகத்தில் கொசு கூட்டம் கூட்டமாக எழும்பியதாம். ஆச்சி இரண்டு புட்டி எண்ணெய் காய்ச்சிக் கொடுத்தார்கள். அப்பாவும் தவறாமல் பூசிக்கொண்டே போனார்கள். ஆனாலும் அந்த மாதக் கடைசியில் காய்ச்சல் கண்டது. கண்ணுக்குப் பின்னால் வலி, எலும்பெல்லாம் முறிந்தாற்போல் வலி. இரத்தம் சோதித்ததில் டெங்கு என்று வந்தது.

இருபத்திரண்டு நாள் வள்ளம் கரையில் கிடந்தது. அம்மாவின் கம்மல் அடகுக் கடைக்குப் போனது. அடுத்த கல்வி ஆண்டு தொடங்கிய பிறகுதான் திரும்பி வந்தது. தட்டணுக்கள் குறைந்துகொண்டே போன இரண்டு நாளும் அம்மா யாரோடும் பேசவில்லை. அக்கம்பக்கத்தார் எல்லோரும் ஒரே தீர்ப்புச் சொன்னார்கள்: “ஆத்துல ராத்திரி இருந்தா வராம என்ன செய்யும்?” ஆச்சியோ தன் எண்ணெய் கைவிட்டுவிட்டதே என்று ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தார்கள். அதைப் பார்க்கத்தான் எனக்குத் தாங்கவில்லை.

அந்த வாரம் கொசுப்புழு பார்க்க வந்த சுகாதாரப் பணியாளர் அக்கா எங்கள் வீட்டுக் கொல்லைக்குள் நுழைந்தார். அங்கே மீன் அனுப்பும் தெர்மோகோல் பெட்டிகள் அடுக்கிக் கிடந்தன. மேலே இருந்த மூன்று பெட்டிகளில் மழைத் தண்ணீர். டார்ச் விளக்கை அடித்துக் காட்டினார். தெளிந்த தண்ணீரில் நூல் துண்டுகள்போலப் புழுக்கள் நெளிந்துகொண்டிருந்தன. “இதுதான் டெங்கு கொசு. ஆத்துல இல்ல, உங்க வீட்டுலதான் பிறக்குது. பகல்லதான் கடிக்கும்” என்றார்.

பகலில்! அப்பா இரவெல்லாம் வேலை செய்துவிட்டுக் காலை எட்டு மணிக்குக் குளிப்பார்கள். ஆச்சியின் எண்ணெய் அந்தக் குளியலில் சோப்போடு போய்விடும். பிறகு கஞ்சி குடித்துவிட்டு, திண்ணையில் பாயை விரித்து, சட்டையில்லாமல் மாலை மூன்று மணிவரை உறங்குவார்கள். காலில் வெள்ளை வரி போட்ட ஏடிஸ் கொசுவுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? அது காலையிலும், பொழுது சாய்வதற்கு முன்னும் மிகுதியாகக் கடிக்கும். தான் பிறந்த இடத்திலிருந்து சில நூறு மீட்டருக்கு மேல் பெரும்பாலும் பறப்பதில்லை. அப்பாவைக் கடித்தது எந்தக் கொசு என்று யாரும் பார்த்து வைக்கவில்லை என்பது உண்மை. ஆனால் ஆற்றங்கரைமேல் நாங்கள் சுமத்திய பழி திண்ணையைச் சேர்ந்தது என்றே நான் நினைக்கிறேன். ஆச்சியின் எண்ணெய் தோற்கவில்லை. அதை நாங்கள் காவலுக்கு நிறுத்திய நேரம்தான் தவறு.

அப்படியானால் இரவிலாவது அது எவ்வளவு நேரம் காக்கும் என்று அறிய ஆசை வந்தது. அப்பா தேறிய பிறகு, ஒரு மாலை கவிழ்த்துப் போட்ட வள்ளத்தின்மேல் நானும் தம்பியும் உட்கார்ந்தோம். வலது காலில் எண்ணெய், இடது காலில் ஒன்றுமில்லை. இடது காலில் பத்து நிமிடத்துக்குள் கடி விழுந்தது. வலது காலை ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகவே தொடவில்லை. மறுநாள் வலை இழுப்பவர்போல் முழங்கால் தண்ணீரில் சிறிது நேரம் நின்றுவிட்டு வந்து உட்கார்ந்தேன். அன்று அரை மணி நேரம்கூடத் தாங்கவில்லை. இதை நான் ஆராய்ச்சி என்று சொல்ல மாட்டேன். அறிவியல் பாடம் எடுக்கும் சகோதரியிடம் பெருமையாகச் சொன்னபோது பாராட்டுக் கிடைக்கும் என்று எதிர்பார்த்தேன். “காய்ச்சல் பரவும் ஊரில் உன் காலை ஆய்வுக்கூடம் ஆக்காதே” என்று நல்ல கண்டிப்புதான் கிடைத்தது. அவர்கள் சொன்னது சரி. தோழியர் யாரும் இதைச் செய்து பார்க்க வேண்டாம்.

கண்டித்த சகோதரியே உண்மையான ஆய்வுகளைத் தேடிப் படிக்கவும் வழி காட்டினார்கள். 1993இல் வெளியான ஓர் இந்திய ஆய்வு, தேங்காய் எண்ணெயில் 2 விழுக்காடு வேப்பெண்ணெய் கலந்து பூசினால் மலேரியாவைப் பரப்பும் அனாஃபிலிஸ் கொசுக்களிடமிருந்து 12 மணி நேரம் முழுப் பாதுகாப்புக் கிடைத்ததாகச் சொல்கிறது. ஆச்சிக்கு இதைப் படித்துக் காட்டியபோது முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே! ஆனால் மூன்று விஷயங்களை நான் கவனிக்கிறேன். 2 விழுக்காடு என்பது கால் லிட்டர் தேங்காய் எண்ணெய்க்கு ஒரு தேக்கரண்டி வேப்பெண்ணெய்தான். ஆச்சியின் பாதிக்குப் பாதி அன்று. அவ்வளவு வேப்பெண்ணெய் சிலருக்குத் தோலை எரிக்கும் (தம்பிக்கு எரித்தது). அடுத்தது, சேற்றில் இறங்கி வலை இழுக்கிறவரின் காலில் எந்த எண்ணெயும் அத்தனை மணி நேரம் தங்காது. மூன்றாவது, அந்தப் பன்னிரண்டு மணி அனாஃபிலிஸுக்குச் சொன்னது, டெங்கு பரப்பும் ஏடிஸுக்கு அன்று.

ஏடிஸ் கொசுவை வைத்தே செய்த ஓர் ஆய்வு 2002இல் அமெரிக்காவின் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ என்னும் மருத்துவ இதழில் வந்தது. பதினைந்து பேர் கொசுக் கூண்டுக்குள் தங்கள் கையையே நுழைத்தார்கள். (அவர்களை எந்தச் சகோதரியும் கண்டிக்கவில்லை போலும்.) வாசனைப் புல்லிலிருந்து எடுக்கும் சிட்ரோனெல்லா எண்ணெய் கலந்த பூச்சுகள் இருபது நிமிடம்கூடத் தாங்கவில்லை. சோயா எண்ணெய் கலந்த ஒரு பூச்சு ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகக் காத்தது. மணிக்கட்டில் கட்டும் மருந்துப் பட்டைகள் ஏறக்குறைய ஒன்றுக்கும் உதவவில்லை. ‘டீட்’ என்ற செயற்கை மருந்து ஏறக்குறைய 24 விழுக்காடு இருந்த பூச்சு, ஐந்து மணி நேரம் காத்தது. 1946இல் அமெரிக்க இராணுவத்துக்காக உருவான இந்த மருந்து, 1957 முதல் பொதுமக்களுக்கும் கிடைத்து வருகிறது.

இதைப் படித்துவிட்டு ‘பாட்டி வைத்தியம் எல்லாம் வீண்’ என்று சொல்பவர்களோடு நான் சேரமாட்டேன். டீட் மருந்துக்கும் குறை உண்டு. மூக்குக் கண்ணாடிச் சட்டம், கைக்கடிகாரம் போன்ற பிளாஸ்டிக் பொருள்களை அது கரைத்துக் கெடுக்கும். நைலானைக் கெடுப்பதில்லை என்பதால் வலைக்கு ஆபத்து இல்லை. செடிகளிலும் வலிமையானது உண்டு. எலுமிச்சை மணமுள்ள யூகலிப்டஸ் மரத்தின் எண்ணெயைப் பக்குவப்படுத்திய மருந்தை அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் 2005இல் பரிந்துரைப் பட்டியலில் சேர்த்தது. அதைக் கேட்டுவிட்டு ஊட்டியிலிருந்து வாங்கி வந்த நீலகிரித் தைலத்தைத் தேய்த்துக்கொண்டு ஆற்றுக்குப் போகாதீர்கள். அது வேறு மரம், இது வேறு எண்ணெய். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு அந்தப் பக்குவப்படுத்திய மருந்தும் ஆகாது.

‘இயற்கையானதுதானே, என்ன செய்துவிடும்?’ என்ற பேச்சோடுதான் எனக்குப் பெரிய சண்டை. எங்கள் கரையில் சிலர் எண்ணெய் தீர்ந்துபோனால் மண்ணெண்ணெயைக் காலில் தேய்த்துக்கொள்வார்கள். தோல் வெந்து உரிந்ததைப் பார்த்திருக்கிறேன். கற்பூரத்தைக் கற்கண்டு என்று நினைத்து விழுங்கும் குழந்தைக்கு வலிப்பு வரும். வேப்பெண்ணெயைக் குழந்தைகளுக்கு மருந்தாகப் புகட்டியதால் மலேசியாவில் வலிப்பும் மூளைப் பாதிப்பும் நேர்ந்ததை ‘லான்செட்’ மருத்துவ இதழ் 1981இல் வெளியிட்டது. தோலில் பூசுவதை வாயில் ஊற்றுவது எவ்வளவு பெரிய வேற்றுமை! புட்டியைப் பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் வைக்க வேண்டும் என்று பெற்றோர்களைக் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

புகையைப் பற்றியும் ஒரு வார்த்தை. திறந்த கரையில் தேங்காய் மட்டையோடு நொச்சி இலையைப் புகையவிடுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. அதே சட்டியை மூடிய அறையில் தொட்டிலுக்குப் பக்கத்தில் வைப்பது எப்படி நியாயம்? கடையில் வாங்கும் கொசுவர்த்திச் சுருளும் மாற்றன்று. ஒரு சுருள் முழுவதும் எரிந்தால் வெளிவரும் நுண்துகள், 75 முதல் 137 சிகரெட்டுகள்வரை புகைத்ததற்குச் சமம் என்று 2003இல் வந்த ஆய்வு ஒன்று சொல்கிறது. வீட்டில் யாரும் பீடி பிடிக்கக் கூடாது என்று சண்டை போடும் அம்மாக்கள் சுருளைத் தாங்களே கொளுத்தி வைக்கிறார்கள்.

நம் பள்ளியையும் விட்டுவைக்க விரும்பவில்லை. மூன்றாம் பாடவேளையில் பெஞ்சுக்கு அடியில் நம் கணுக்காலைக் கடிப்பது யார்? இரவுக் கொசு அன்று, அந்த வெள்ளை வரிக்காரிதான். தாழ்வாரத்துப் பூந்தொட்டிகளின் கீழ்த்தட்டுகளை நான் எட்டிப் பார்த்திருக்கிறேன். முட்டையிலிருந்து கொசுவாகிப் பறக்க ஏழு முதல் பத்து நாள்கள் ஆகும். ஆகவே வெள்ளிக்கிழமைதோறும் கடைசிப் பாடவேளையில் ஒரு வகுப்பு அந்தத் தட்டுகளைத் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்தால் என்ன? தேய்ப்பது முக்கியம். ஏடிஸின் முட்டை தண்ணீர் வற்றினாலும் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். எங்கள் வகுப்பு முதல் வெள்ளிக்கிழமைக்குத் தயார். தலைமைச் சகோதரி அவர்கள் அனுமதி தர வேண்டும்.

எங்கள் வீட்டுச் செய்தியைச் சொல்லி நிறுத்துகிறேன். நண்டு வலை, செவுள் வலை, வீச்சு வலை என்று எங்கள் வீட்டில் அன்று ஐந்து வகை வலை இருந்தது. கொசுவலை மட்டும் இல்லை. இப்போது ஆறாவது வலையும் வந்துவிட்டது. காலை எட்டரை மணிக்குத் திண்ணைத் தூண்களில் அம்மா அதைக் கட்டிவிடுகிறார்கள். முதலில் அப்பா, “நான் என்ன மீனா, வலைக்குள்ள போட்டு அடைக்க?” என்று கேட்டார்கள். பிறகு ஓரத்தில் ஒரு சிறு கிழிசலைக் கண்டவுடன், யாரும் சொல்லாமலே ஊசி எடுத்து அதைப் பின்னிவிட்டு உள்ளே போய்ப் படுத்தார்கள். தெர்மோகோல் பெட்டிகளைக் கவிழ்த்து அடுக்குவது தம்பியின் பொறுப்பு. ஆச்சி இப்போதும் எண்ணெய் காய்ச்சுகிறார்கள். வேப்பெண்ணெயை அளக்கும் தேக்கரண்டி என் கையில் இருக்கிறது. ஒரு கரண்டிக்கு மேல் நான் விடுவதில்லை. “இது என்னட்டி எண்ணெ, வாசமே இல்ல” என்று ஆச்சி குறைப்பட்டுக்கொள்கிறார்கள். அப்பா அந்தப் புட்டியை வள்ளத்தில் கட்டி வைத்திருக்கிறார்கள். மணிக்கு ஒரு முறை, மறக்காமல், புறங்கையால் பூசிக்கொள்கிறார்கள்.